மோந்து பார்க்காத கை

என் மகள் மேல்படிப்புக்காக வெளிநாடு கிளம்பியபோது தன் நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். விமான நிலையத்தில் அவள் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்துப் பெற்ற வயிறு குளிர்ந்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பேன், அவள் வாயைத் திறந்து பேசாமல் இருந்திருந்தால். “அம்மா, அதை உயிரோட வச்சிரும்மா. நான் வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்” என்றாள். அப்பாவின் சர்க்கரையைப் பற்றியோ என் முழங்காலைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது.

அந்த ‘உயிரோட’ என்ற சொல் என் மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஒரு நாய் உயிரோடு இருக்காமல் வேறு என்ன செய்யும்? அவள் எதற்காக அப்படிச் சொன்னாள் என்று திருச்சியிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வரும்வரை பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

சந்தேகம் எனக்குத் தொழில் கொடுத்த வியாதி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பரீட்சை ஹாலில் ஒரு பிள்ளை இருமினால்கூட எதற்கு இருமுகிறான் என்று பார்த்துப் பழகிய கண். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போய், பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர், என் வீட்டுக்காரர் என்று எல்லோர் மேலும் மேய ஆரம்பித்தது. நாய் வந்து சேர்ந்தபோது எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தது.

அது டெரியர் வகை. வெள்ளை உடம்பு, ஒரு கண்ணையும் ஒரு காதையும் சேர்த்து மூடியதுபோல் பழுப்பு நிறம். பூனையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மகள் அதற்கு வைத்திருந்த ஆங்கிலப் பெயர் எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. நான் “டேய்” என்பேன், வரும். முதல் வாரம் வந்து பார்த்தவர்கள் எல்லோரும், “குட்டி அழகா இருக்கு டீச்சர், எப்ப பெருசாகும்?” என்று கேட்டார்கள். இதற்கு மேல் வளராது என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு இரக்கம் தெரியும். யாரோ எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

வளராததற்கும் சேர்த்து அது ஆடித் தீர்த்தது. ஒரு இடத்தில் நிற்காது. நின்ற நிலையிலிருந்து சமையல் மேடைக்கு எழும்பும். வாசலிலிருந்து கொல்லைக்கும் கொல்லையிலிருந்து வாசலுக்கும் வீட்டுக்குள்ளே ஒரு ரயில் விடும். சாக்கைக் கண்டால் கிழிக்கும், மண்ணைக் கண்டால் தோண்டும். முருங்கை மரத்தடியில் ஒரு பள்ளம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பள்ளம், நான் ஆசையாக வைத்த செம்பருத்தியின் காலடியில் ஒரு பெரும் பள்ளம். இதை மகள் போனில் பெருமையாகச் சொன்னாள். மண்ணுக்குள் புகுந்து வளையில் இருப்பதை இழுத்து வருவதற்கென்றே உண்டாக்கிய இனமாம். இதைச் சொல்லிவிட்டு அல்லவா விட்டுப் போயிருக்க வேண்டும்?

அதன் சந்தேகம் என்னுடையதைவிடப் பெரிது. வாசலில் யார் வந்தாலும் கத்தித் தீர்த்துவிட்டு, செருப்பை முகர்ந்து, காலை முகர்ந்து, பையை முகர்ந்து, பிறகும் திருப்தி இல்லாமல் தள்ளிப் போய் உட்கார்ந்து முறைக்கும். நான் போடும் சோற்றைக்கூட முகர்ந்துவிட்டு, என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கும். “விஷமா வச்சிருக்கேன், தின்னுடா” என்று கத்துவேன். என் வீட்டுக்காரர் கை மட்டும் விலக்கு. அவர் கையில் என்ன இருந்தாலும் லபக்கென்று விழுங்கிவிடும். ஒரு தடவை அவர் பாத்திரம் தேய்க்கும் நாரைக் காட்டினார், அதையும் கவ்வியது. நான் குளிப்பாட்டி, உண்ணி பொறுக்கி, நகம் வெட்டி விடுகிறேன். நம்பிக்கை எல்லாம் அவருக்கு. எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது.

அவரோ ஆரம்பத்தில், “இதெல்லாம் ஒரு நாயா, பொம்மை” என்று சொன்னவர். ஒரு நாள் நெல் மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் அது புகுந்து, கண்மூடித் திறப்பதற்குள் ஒரு பெருச்சாளியைக் கவ்வி, ஒரே உதறில் முடித்துவிட்டு, அவர் காலடியில் கொண்டு வந்து போட்டது. அன்றோடு மனிதர் விழுந்தார். அடுத்த வாரமே டீக்கடையில் அதைப் பற்றிப் பேசுகிறார் என்று செய்தி வந்தது. வயலுக்குப் போகும்போதெல்லாம் அது முன்னால் ஓட, இவர் பின்னால் போவார்.

எங்கள் கொல்லைப் படலைத் திறந்தால் வயல்தான். எங்கள் வயலுக்கும் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் வயலுக்கும் நடுவே ஒரு வரப்பு. அந்தத் தம்பி வீடும் எங்கள் வீட்டை ஒட்டித்தான். இரண்டு வீட்டுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் அந்த வரப்பு. நடவுக்கு முன்னால் அண்டை வெட்டும்போது, அதாவது வரப்பின் பக்கத்தைச் சீவிச் சேறு பூசும்போது, அவர் பக்கம் மட்டும் மம்முட்டி கொஞ்சம் ஆழமாக இறங்குகிறது என்பது என் கட்சி. வரப்பு எங்கள் பக்கமாக நகர்ந்து வருகிறது. என் வீட்டுக்காரர், “விடு, ஒரு சாண் மண்ணுக்கு என்ன” என்றார். நான் விடவில்லை. வரப்பில் வைத்தே கேட்டேன். தம்பி, “அண்ணி, நீங்க கணக்கு டீச்சரா இருக்கலாம், அதுக்காக வரப்புக்கு ஸ்கேல் எடுத்துட்டு வராதீங்க” என்றார். அதோடு சரி.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது நடந்தாலும் எனக்கு எதிராக நடப்பதாகவே பட்டது. எங்கள் வயல் மேடு, அவர்களுடையது பள்ளம். எங்கள் வயலில் கட்டிய தண்ணீர் காலையில் பார்த்தால் வற்றியிருக்கும், அவர்கள் வயலில் தளும்பும். வரப்பில் ஓட்டை. நண்டு வளை, எலி வளை என்றார் என் வீட்டுக்காரர். கம்பால் குத்திய ஓட்டை என்றேன் நான். அந்த வீட்டிலோ எங்கள் நாய் தோண்டிய ஓட்டை என்று பேசிக்கொண்டார்களாம். கூடவே அவர்கள் வீட்டுக் கோழிக்குஞ்சுகள் குறைய ஆரம்பித்தன. தம்பியின் மனைவி தன் கொல்லையில் நின்றபடி, யாரிடம் பேசுகிறாள் என்று தெரியாதமாதிரி உரக்கச் சொன்னாள்: “அலையட்டும், அலையட்டும். எங்கயாவது எதையாவது தின்னுட்டு ஒரு நாளைக்கு வாயைப் பொளந்துகிட்டுக் கிடக்கும், அப்பத் தெரியும்.”

எனக்கு மகள் சொன்ன ‘உயிரோட’ என்ற சொல் உடனே ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் தெருநாய்க்கு விஷம் வைப்பது அதிசயமில்லை. பயிருக்குப் போடும் குருணை மருந்தை மீன் தலையில் வைத்து எறிந்தால் தீர்ந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் வேலி ஓரமாக நடந்து, விழுந்து கிடக்கும் எலும்பு, முள், சோற்றுப் பருக்கை எல்லாவற்றையும் குச்சியால் புரட்டிப் பார்த்தேன். நாய் எனக்கு முன்னால் முகர்ந்துகொண்டு போகும். இரண்டு பேரும் போலீஸ் வேலை பார்த்தோம்.

கார்த்திகை மாதம். சம்பா பயிர் தூர் கட்டி நின்றது. எலி வெட்டு அதிகமாகிவிட்டதாக என் வீட்டுக்காரர் கவலைப்பட்டார். எலிக்கு மருந்து வைப்பதில் இங்கே ஒரு வழக்கம் உண்டு. வரப்பில் இருக்கும் எல்லா வளைகளையும் சாயங்காலம் சேறு வைத்து அடைத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் எந்த வளை திறந்திருக்கிறதோ அதில்தான் எலி குடியிருக்கிறது. அந்த வளைக்குள் மட்டும் மருந்தைத் தள்ளினால் போதும், வீணாகாது. அவர் ஒரு சாயங்காலம் போய் அடைத்துவிட்டு வந்தார். நாயும் கூடப் போய், அவர் அடைப்பதை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்ததாம். “மேஸ்திரி மாதிரி மேற்பார்வை பாக்குது” என்று சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போலப் படலைத் திறந்து நாயை வெளியே விட்டேன். ரொம்ப நேரம் கழித்து மூக்கு முழுக்கச் சேறோடு திரும்பி வந்தது. எனக்குக் கோழிக்குஞ்சு ஞாபகம்தான் வந்தது. வாயைப் பிளந்து இறகு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். சேறுதான். கழுவிவிட்டேன். டீ குடித்துவிட்டு வயலுக்குப் போன இவர், “நிறைய வளை தொறந்திருக்கு. நான் நினைச்சதைவிட எலி அதிகம்” என்று சொல்லிவிட்டு எலி கேக்கோடு மறுபடி போனார். அன்று முழுக்க நாயைக் கட்டிப் போடச் சொன்னார், போட்டேன். அதற்கு அடுத்த நாள் அவிழ்த்துவிட்டேன். மருந்தை இந்நேரம் எலி தின்று முடித்திருக்கும் என்றார்.

இன்னொரு விஷயமும் அந்த வாரம் நடந்தது. கடற்கரைப் பக்கத்திலிருந்து கருவாடு கொண்டு வரும் அம்மாளிடம் வாங்கி டப்பாவில் போட்டிருந்த நெத்திலிக் கருவாடு பாதியாகக் குறைந்திருந்தது. நாய்க்குக் கருவாடு என்றால் உயிர். இவர்தான் எனக்குத் தெரியாமல் அதற்குப் போட்டுச் செல்லம் கொடுக்கிறார், நம்பிக்கை எப்படி வந்தது என்று இப்போதல்லவா தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று காத்திருந்தேன்.

பிடிப்பதற்குள் நாய் படுத்துவிட்டது. முதலில் ஓடவில்லை. பிறகு தின்னவில்லை. சிலிண்டர் வந்தபோது தலையைக்கூடத் தூக்கவில்லை. மூக்கில் ஒரு சொட்டு ரத்தம். ஈறைத் தூக்கிப் பார்த்தேன், வெளுத்துப் போயிருந்தது. மகள் வீடியோவில் கூப்பிட்டு எங்கே என்று கேட்டாள். “ஆடிட்டுத் தூங்குது” என்றேன். “பகல்ல தூங்காதேம்மா அது” என்றாள். என் பெண் அல்லவா.

தஞ்சாவூரில் வளர்ப்புப் பிராணிகளுக்கென்று தனியாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பஸ்ஸில் மடியில் ஒரு ஈரத் துணியைப்போலக் கிடந்தது. “பக்கத்து வீட்டுல குருணை வச்சிட்டாங்க டாக்டர்” என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே. அவர் நாயின் கண்ணைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார். “குருணைன்னா நுரை தள்ளும்மா, வலிப்பு வரும். இதுக்கு ரத்தம் உறையாம உள்ளுக்குள்ள கசியுது. உண்ணிக் காய்ச்சல்லயும் இப்படி ஆகும், எலி மருந்துலயும் ஆகும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. எலி மருந்து எதுவும் தின்ன வழியிருக்கா?”

என் வீட்டுக்காரர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “வயல்ல வச்சிருந்தேன். ஆனா எலி இருக்கிற வளைக்குள்ள ஆழமாத் தள்ளிட்டேன், எலியெல்லாம் தின்னிருக்கும். வெளியில ஒரு துணுக்குகூட விடலை டாக்டர்.” அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். நானும் “அதெல்லாம் இல்ல, நாங்க ஜாக்கிரதை” என்று சேர்ந்து பாடினேன். உண்ணி உண்டா என்று கேட்டார், உண்டு என்றோம். உண்ணிக் காய்ச்சலுக்கு ஊசி போட்டு, ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு, ரிசல்ட் வரட்டும், மோசமானால் உடனே போன் பண்ணுங்கள் என்று அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் பழைய போர்வையில் கிடத்தினோம். பொழுது சாய்வதற்கு இன்னும் நேரம் இருந்தது. அப்போது வாசல் கேட் சத்தம் கேட்டது. ஒரு வருஷமாக எங்கள் வாசலை மிதிக்காத தம்பி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“அண்ணி, நாய் எங்க? ரெண்டு நாளா சத்தத்தையே காணும்.”

வாசலுக்குப் போய்க் கத்தினேன். “ஏன், செத்துடுச்சான்னு பாத்துட்டுப் போக வந்தீங்களா தம்பி? இன்னும் சாகலை. உங்க வீட்டுல போய்ச் சொல்லுங்க, இன்னும் கொஞ்சம் மருந்து சேத்து வச்சிருக்கலாம்னு.”

அவர் திருப்பிக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். “அண்ணே, எலிக்கு மருந்து வச்சீங்களா?” என்று கேட்டார்.

“வச்சேன்” என்றார் இவர்.

“எந்த வளையில?”

“தொறந்திருந்த வளையிலதான். எலி தொறந்த வளையில.”

“அதை எலி தொறக்கலைண்ணே. உங்க நாய் தொறந்துச்சு. விடியக்காலம் தண்ணி பாக்கப் போனேன். நீங்க அடைச்சு வச்சதை ஒண்ணு விடாம நோண்டிக்கிட்டு நின்னுது. முந்தின நாள் நீங்க அடைச்சதைப் பாத்துட்டு, வேலை குடுத்தமாதிரி வரிசையா நோண்டுது. நான் சிரிச்சுக்கிட்டே போயிட்டேன். நீங்க மருந்து வைக்கப் போறீங்கன்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கு மடை அடைக்கப் போனப்பதான் வளை வாயில நீலமா எலி கேக் துணுக்கு கிடந்தது. பாதி வளையில எலியே இல்லண்ணே.”

“பாத்த அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றேன்.

“நீங்கதான் எங்களோட பேசுறதில்லையே அண்ணி.”

என் வீட்டுக்காரர் எழுந்து பின்கட்டுக்குப் போய் எலி கேக் அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார். நடந்து வரும்போதே சொன்னார், என்னிடமா தம்பியிடமா என்று தெரியவில்லை: “வெறும் கேக்கை எலி தொட மாட்டேங்குதுன்னு கருவாட்டைப் பொடிச்சுச் சேத்தேன். கையாலதான் பிசைஞ்சேன். என் கை வாசனை இருந்திருக்கும். அதனாலதான் மோந்துகூடப் பாக்காமத் தின்னுருக்கு.”

கருவாட்டு டப்பாவின் கணக்கு இப்படி நேரானது. ஊரெல்லாம் குச்சியால் புரட்டிப் பார்த்தவள், என் அடுக்களையிலிருந்து போன விஷயத்தைக் கேட்காமல் இருந்துவிட்டேன்.

டாக்டரம்மாவுக்கு போன் பண்ணி அட்டையில் இருந்த மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். “உடனே கொண்டாங்க” என்றார். பஸ்ஸுக்கு நிற்க நேரமில்லை. தம்பி தன் லோடு ஆட்டோவை எடுத்தார். முன்சீட்டில் நானும் மடியில் நாயும். என் வீட்டுக்காரர் பின்னால், வைக்கோல் தூசிக்கு நடுவில், அந்த அட்டைப்பெட்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்து வந்தார். பூதலூர் தாண்டும்போது நாய் கண்ணைத் திறந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தம்பியைப் பார்த்தது. தொண்டைக்குள் உர்ரென்றது. சத்தம் வெளியே வரவில்லை, என் தொடையில் அந்த அதிர்வு மட்டும் தெரிந்தது.

“உங்களத்தான் முறைக்குது” என்றேன்.

“முறைக்கட்டும் அண்ணி, முறைக்கட்டும்” என்று வண்டியை இன்னும் விரட்டினார். நான் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். ஓட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ரத்தம் உறைவதற்கான வைட்டமின் ஊசி போட்டார்கள். இரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பிழைத்துவிடும் என்று டாக்டரம்மா மறுநாள்தான் வாயைத் திறந்து சொன்னார். வாரக்கணக்கில் மாத்திரை தர வேண்டியிருந்தது. மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்து நான் நீட்டுவேன். அது முகர்ந்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, பழத்தைத் தின்று மாத்திரையைத் துப்பும். எனக்குக் கோபம் வரவில்லை. இன்னும் நல்லா மோந்து பாருடா என்று இருந்தது.

என் வீட்டுக்காரர் மாத்திரை கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அவர் கொடுத்தால் ஒரே நொடியில் விழுங்கியிருக்கும். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நாய் பக்கத்தில் வந்தாலே எழுந்து குழாயடிக்குப் போவார். கையில் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்ப்பார். மருந்து வைத்த அன்றே கழுவிய கைதான். மறுபடி மறுபடி கழுவினார். கழுவிவிட்டும் தொட மாட்டார். டீக்கடைக்கும் போவதில்லை.

தம்பி தினமும் கேட்வரை வந்து விசாரித்துவிட்டுப் போவார். அவர் மனைவி ஒரு நாள் முட்டை கொடுத்தனுப்பினாள். நான் வாங்கி வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பழக்கம், என்ன செய்வது. குஞ்சுகளைத் தூக்கியது எது என்று இன்றுவரை தெரியாது. நான் கீரி என்கிறேன். அவள் ஒன்றும் சொல்வதில்லை. வரப்பைப் பார்க்கும்போது இப்போதும் என் கண் தன்னையறியாமல் அளக்கத்தான் செய்கிறது, ஆனால் வாய் திறப்பதில்லை.

மார்கழி பிறந்த பிறகு ஒரு காலை. தம்பி வழக்கம்போலக் கேட்டைத் திறந்தார். கூடத்தில் படுத்திருந்த நாய் காதை நிமிர்த்தியது. எழுந்தது. நான்கு காலும் தரையில் படாமல் பாய்ந்து போய், அவர் முகத்துக்கு நேராக எம்பி எம்பி, திருடனைக் கண்டதுபோல் தெருவே அதிரக் குரைத்தது. அவர் கேட்டுக்கு வெளியே பின்வாங்கி நின்று சிரித்தார்.

“பாத்தீங்களா அண்ணி, என்னைய இன்னும் நம்பலை. பொழைச்சிருச்சு!”

எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. போனை எடுத்து மகளுக்குக் கேட்கும்படி அந்தச் சத்தத்தைப் பிடித்தேன். அவள் விட்டுப் போனது உயிரோடு இருந்தது.

என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குரைத்து முடித்த நாய் நேராக அவரிடம் ஓடி வந்தது. அவர் எழுந்து குழாயடிக்குப் போகப் பார்த்தார், அது விடவில்லை. முன்னங்கால் இரண்டையும் அவர் முழங்காலில் வைத்து ஏறி, அவர் பின்னால் இழுத்துக்கொண்ட கையைத் தேடிப் பிடித்து, மோந்துகூடப் பார்க்காமல் நக்க ஆரம்பித்தது.